பலகையும் சக்கரமும் – 8: அட்டையில் உண்டு, கல்லாவில் இல்லை

சென்ற வாரம் களிமண் சக்கரம் போய் யூரித்தேன் சக்கரம் வந்த கதையைப் பார்த்தோம். கலிபோர்னியாவில் தண்ணீர் வற்றிய நீச்சல் குளங்களுக்குள் பையன்கள் சுவரேறித் திரும்பியதையும் பார்த்தோம். அதில் வந்த பெயர்கள் எல்லாம் ஆண் பெயர்கள். பெண்கள் அங்கே இல்லாமல் இல்லை. அவர்களுக்கு ஒரு முழு வாரம் வேண்டும் என்று நான்தான் தள்ளி வைத்தேன். பெண்களுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குவதே அவர்களை ஓரங்கட்டும் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஆண்களின் கதையைச் சக்கரம், சரிவு, சாகசம் என்று சொல்லிக்கொண்டே போய்விடலாம். பெண்களின் கதையில் இவற்றோடு போட்டிப் பிரிவுகளும் பத்திரிகைப் பக்கங்களும் காசோலைகளும் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பின்னது அமுங்கிவிடும்.

1965 மே 14 தேதியிட்ட 'லைஃப்' வார இதழிலிருந்து தொடங்கலாம். அன்றைய அமெரிக்காவில் நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் கிடக்கும் பத்திரிகை அது. அட்டையில் ஓர் இளம்பெண் ஸ்கேட்போர்டின் மேல் தலைகீழாக நிற்கிறார். கைகள் இரண்டும் பலகையைப் பற்றியிருக்கின்றன, வெறும் பாதங்கள் இரண்டும் மேலே. படத்தை எடுத்தவர் பில் எப்ரிட்ஜ். மூன்று ஆண்டு கழித்து, லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டல் ஒன்றின் சமையலறைத் தரையில் சுடப்பட்டுக் கிடந்த ராபர்ட் கென்னடியைப் படமெடுத்தவரும் இவர்தான்.

அட்டையில் இருந்தவர் சான் டியகோவின் பேட்டி மெக்கீ. அப்போது வயது 19. கடலில் அலைச்சறுக்கு பழகி, அலை எழும்பாத நாட்களில் சக்கரப் பலகையோடு தெருவுக்கு வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். முந்தைய ஆண்டு சாண்டா மோனிகாவில் நடந்த தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றிருந்தார். ஹோபி பலகைகளை விற்றவர்கள் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊர் ஊராக அனுப்பினார்கள். கடைகளில் வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிக் காட்டுவது வேலை. ஸ்கேட்போர்டு ஓட்டியே சம்பாதித்த முதல் பெண் என்று வரலாறு அவரைத்தான் குறிக்கிறது. ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். 'வாட்ஸ் மை லைன்' என்றொரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. வந்திருப்பவரின் தொழில் என்ன என்று ஒரு குழு கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் கலந்துகொண்டார். ஸ்கேட்போர்டு ஓட்டுவது ஒரு பெண்ணின் தொழிலாக இருக்க முடியும் என்று 1965-இல் யாருக்குத் தோன்றியிருக்கும்?

அதே 'லைஃப்' அட்டையில் இன்னொன்றும் அச்சாகியிருந்தது: இது ஒரு மோகம், கூடவே ஓர் ஆபத்து. இரண்டாவதைத்தான் நகராட்சிகள் பிடித்துக்கொண்டன. களிமண் சக்கரத்தின் லட்சணம் நமக்குத் தெரியும். தார்ச்சாலையில் பிடிமானம் கிடையாது, சின்னக் கல் தட்டினாலும் பலகை அங்கேயே நின்றுவிடும், ஓட்டியவர் மட்டும் போய்க்கொண்டிருப்பார். கை கால் உடைந்து பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வர வர, பல ஊர்கள் தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டத் தடை போட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் வியாபாரம் படுத்துவிட்டது. மெக்கீயின் வேலையும் அதோடு போயிற்று. ஸ்கேட்போர்டிங் புகழ் மண்டபத்தில் முதல் பெண்ணாக அவர் பெயரைச் சேர்த்தது 2010-இல். அட்டைப்படத்துக்கும் அதற்கும் இடையே 45 ஆண்டுகள். 2024 அக்டோபரில், 79 வயதில் அவர் காலமானார்.

அதே 1965-இல் எடுத்த ஒரு குறும்படத்தை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'ஸ்கேட்டர்டேட்டர்'. இயக்கியவர் நோயல் பிளாக். மறு ஆண்டு கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை பெற்றது. வசனமே கிடையாது. ஒரே மாதிரி சட்டை மாட்டிய, செருப்பில்லாத பையன்கள் கூட்டமாகத் தெருவில் சறுக்கிப் போகிறார்கள். அதில் ஒருவன் சைக்கிளில் வரும் பெண்ணைப் பார்த்து மயங்குகிறான். கடைசியில் கூட்டத்தையும் பலகையையும் விட்டுவிட்டு அவளோடு போகிறான். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் பெண்ணுக்கு என்ன வேலை? பையனைப் பலகையிலிருந்து இறக்கிக் கூட்டிப் போவது. நாடே பார்த்த பத்திரிகையின் அட்டையில் ஒரு பெண் அதே பலகை மேல் தலைகீழாக நின்ற வருடம் அது. சினிமா கண்ணுக்கு அது படவில்லை. அடுத்த 40 ஆண்டு இந்த விளையாட்டு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையும் ஏறக்குறைய அந்தக் குறும்படத்தின் கதையாகவே இருந்தது.

யூரித்தேன் வந்த பிறகு பெண்களும் திரும்ப வந்தார்கள், முன்னைவிடக் கூட்டமாக. சான் டியகோ பக்கத்தில் லோகன் குடும்பம் 'லோகன் எர்த் ஸ்கி' என்ற பெயரில் பலகை செய்து விற்றது. நிர்வாகம் அம்மா பார்பரா லோகன் கையில். மூன்று மகன்களோடு மகள் ராபினும் போட்டிகளில் கலந்துகொண்டார். அதே நிறுவனம்தான் லாரா தார்ன்ஹில் என்ற இளம்பெண்ணின் பெயரைப் பொறித்துப் பலகை விற்றது. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிக் கடைக்கு வந்த முதல் பலகைகளில் அது ஒன்று. விளம்பரத்தில் அழகுக்காக நிறுத்திய பெண் இல்லை, ஓட்டத் தெரிந்த பெண். பலகையில் பெயர் இருந்தால் விற்பனையில் பங்கு கேட்கும் உரிமையும் பின்னாலேயே வரும். இந்தத் தொடரில் பலகைப் பெயர்களைப் பற்றி நான் அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பது அதனால்தான்.

1975 ஏப்ரல், டெல் மார் மைதானம். சென்ற வாரம் இந்தப் போட்டியை ஸெஃபிர் அணியின் பையன்கள் பக்கமிருந்து பார்த்தோம். இப்போது அந்த அணியின் ஒரே பெண் பக்கமிருந்து. பெயர் பெக்கி ஓகி. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், அவரும் அலைச்சறுக்குக்காரர்தான்.

அன்றைய ஃப்ரீஸ்டைல் போட்டி எப்படி இருக்கும் என்றால், மேடை மாதிரி சமதளம், சுற்றி நடுவர்கள், ஆளுக்குச் சில நிமிடம். நிமிர்ந்த முதுகோடு வர வேண்டும். முன்சக்கரம் தூக்கி ஓட்டுவது, நின்ற இடத்தில் சுழல்வது, தலைகீழாக நிற்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸும் பனிச்சறுக்கு நடனமும் கலந்த ஒரு பாணி. பெண்களிடம் நடுவர்கள் இன்னும் கூடுதலாக நளினம் எதிர்பார்த்தார்கள். ஸெஃபிர் அணிக்கோ குருநாதர் ஹவாயின் லேரி பெர்டில்மேன் என்ற அலைச்சறுக்கு வீரர். அலையின் முகத்தில் கை உரச அவர் வளைந்து திரும்புவதை இவர்கள் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். முட்டி மடங்கி, இடுப்பு தரையை நெருங்க, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, அந்தக் கையையே அச்சாக்கிப் பலகையை ஒரு சுற்று சுற்றுவார்கள். ஓகி செய்ததும் இதுதான். பெண்கள் ஃப்ரீஸ்டைலில் முதலிடம் அவருக்குக் கிடைத்தது.

முடிவு வந்ததும், எதிரே போட்டியிட்ட பெண்கள் சிலர் நடுவர்களிடம் போய் ஆட்சேபம் சொன்னார்கள். அவர் பையன் மாதிரி ஓட்டுகிறார் என்பது புகார். ஓகியே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. மாதக்கணக்கில் ஒரு பாடத்திட்டத்துக்குப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்தவர்கள் அவர்கள்; கேள்வித்தாள் மாறிப்போனதை முதலில் கண்டவர்களும் அவர்களே. பாடத்திட்டத்தை வகுத்தது வேறு யாரோ. ஓகி போட்டிகளை அதிக நாள் தொடரவில்லை. ஓவியம் படித்தார், திமிங்கலங்களைக் காக்கும் இயக்கத்தில் இறங்கினார், காகிதத்தில் மடித்த ஆயிரக்கணக்கான திமிங்கலங்களைத் திரையாகத் தொங்கவிட்டார். ஸெஃபிர் அணியின் பையன்கள் சிலர் கோடீஸ்வரர்களானார்கள்.

1980 வாக்கில் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. காப்பீட்டுக் கட்டணம் தாங்காமல் ஸ்கேட்பார்க்குகள் ஒவ்வொன்றாக இடிபட்டன. 'ஸ்கேட்போர்டர்' பத்திரிகை பெயரை மாற்றிக்கொண்டு, கொஞ்ச நாளில் மூடியது. 1981 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 'த்ராஷர்' கிளம்பியது. பங்க் இசை, கிழிந்த சட்டை, ரத்தம் ஒழுகும் முட்டி, விதிகள் மேல் வெறுப்பு. அதிகாரத்துக்கு எதிராக இவ்வளவு கத்திய ஒரு கூட்டம், பெண்கள் விஷயத்தில் மட்டும் ஊர்ப்பெரியவர்கள் மாதிரி நடந்துகொண்டது வேடிக்கை. பெண்கள் பிரிவு ஏன் இல்லை என்றால், போதிய பெண்கள் வருவதில்லை. பெண்கள் ஏன் வருவதில்லை என்றால், அவர்களுக்குப் பிரிவு இல்லை. பத்திரிகையில் ஏன் படம் இல்லை என்றால், போட்டியில் பெண்கள் இல்லையே. செக்குமாட்டுத் தர்க்கம். இந்த ஆண்டுகளில் பெண்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கையால் எழுதி நகலெடுத்த சிற்றிதழ்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். தமிழ்ச் சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்த வகை வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை.

அந்த இருட்டில் பெரிதாகத் தெரிந்த ஒரு பெயர் காரா-பெத் பர்ன்சைட். ஆரஞ்சு நகரத்தின் 'பிக் ஓ' ஸ்கேட்பார்க்கில் வளர்ந்தவர். அரைக்குழாய் வடிவ மரச்சுவரில், ஆண்கள் ஏறும் உயரத்துக்கே ஏறியவர். 1989 ஆகஸ்ட் 'த்ராஷர்' அட்டையில் அவர் படம் வந்தது. அந்தப் பத்திரிகையின் அட்டைக்கு வந்த முதல் பெண். இரண்டாவது பெண் 1994-இல், ஹவாயின் ஜேமி ரேயஸ். மூன்றாவது? 2017-இல், லிசி அர்மான்டோ. 36 ஆண்டில் நானூறுக்கு மேல் இதழ்கள், அட்டையில் மூன்று பெண்கள்.

அட்டையில் வந்த பிறகும் பர்ன்சைடுக்குப் போட்டியிடப் போட்டி இல்லை. அவர் பனிச்சறுக்குப் பலகைக்குத் தாவினார். அங்கே பெண்களுக்குப் பிரிவும் இருந்தது, பணமும் இருந்தது. 1998-இல் ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஹாஃப்பைப்பில் இறங்கி நான்காவதாக வந்தார். நடுவில் வேன்ஸ் நிறுவனம் அவர் பெயரில் காலணி விட்டது. ஸ்கேட்போர்டுப் பெண் ஒருவரின் பெயரில் வந்த முதல் காலணி. தன் விளையாட்டு இடம் கொடுக்காததால் இன்னொரு விளையாட்டில் ஒலிம்பிக் வரை போனவரை எப்படி வகைப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கேட்போர்டிங் இழந்தது என்று வேண்டுமானால் எழுதலாம்.

தொண்ணூறுகளில் ஆட்டம் பூங்காவை விட்டுத் தெருப்படிக்கட்டுக்கும் கைப்பிடிக் குழாய்க்கும் வந்தது. புகழுக்கு வழி போட்டி அல்ல, வீடியோ கேசட். 1996-இல் டாய் மெஷின் நிறுவனம் வெளியிட்ட 'வெல்கம் டு ஹெல்' கேசட்டில் ஃபுளோரிடாவின் எலிஸா ஸ்டீமருக்கு முழுப் பகுதி கிடைத்தது. தனிப் பிரிவும் இல்லை, சலுகையும் இல்லை. ஆண்களின் பகுதிகளுக்கு நடுவே ஒரு பகுதி, அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. 1999-இல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' வீடியோ கேமில் தேர்ந்தெடுக்கக் கொடுத்த பத்து வீரர்களில் ஒரே பெண் ஸ்டீமர். உலகம் முழுக்க எத்தனையோ சிறுமிகள் முதன்முதலில் ஒரு ஸ்கேட்போர்டுப் பெண்ணைப் பார்த்தது தொலைக்காட்சித் திரையில், தங்கள் கட்டைவிரலால் அவரை ஓட்டியபடி.

இங்கே நம் ஊருக்கு ஒரு சிறு கிளைச்சாலை. 'வெல்கம் டு ஹெல்' கேசட்டை உருவாக்கியதில் முக்கியக் கை ஜேமி தாமஸ். அந்த கேமின் பத்துப் பேரில் அவரும் ஒருவர். பல ஆண்டு கழித்து அவர் மாமல்லபுரத்துக்கு வந்தபோது, மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலி கவுனோடு, செருப்பில்லாமல் சரிவில் இறங்குவதைப் படமெடுத்தார். அந்த கேமுக்குப் பெயர் தந்த டோனி ஹாக் அதைப் பகிர, படம் உலகம் சுற்றியது. சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' குறும்படம் 2020 பாஃப்டா விருதுப் பட்டியல் வரை போனது. அந்த விருதை வென்ற படமும் ஸ்கேட்போர்டுச் சிறுமிகளைப் பற்றியதுதான், களம் காபூல். ஐந்து படம் கொண்ட பட்டியலில் இரண்டு இப்படி அமைந்தன. கமலியின் கதையை அதற்குரிய வாரத்தில் விரிவாகப் பார்க்கலாம்.

இனி பணத்துக்கு வருவோம். 1995-இல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி 'எக்ஸ் கேம்ஸ்' போட்டியைத் தொடங்கியது. ஸ்கேட்போர்டிங்கை நடுவீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது அதுதான். பெண்களுக்கு அதில் ஸ்கேட்போர்டு பதக்கம் வந்தது 2003-இல். முதல் தங்கம் வனெஸ்ஸா டோரஸுக்கு. மறு ஆண்டு செங்குத்துச் சுவர்ப் பிரிவில் தங்கம் வாங்கிய லின்-இசட் ஆடம்ஸ் ஹாக்கின்ஸுக்கு வயது 14. கதவு திறந்தாயிற்று என்று எல்லாரும் கைதட்டினார்கள். காசோலையைப் பார்த்தால் வேறு சங்கதி. ஆண்கள் பிரிவில் முதல் பரிசு 50,000 டாலர். பெண்கள் பிரிவில் 2,000 டாலர்.

இருபத்தைந்துக்கு ஒன்று. இரண்டாயிரம் டாலரில் விமான டிக்கெட், அறை வாடகை, உடைந்த எலும்புக்கு மருத்துவம் எல்லாம் போக என்ன மிஞ்சும்? அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் 1973-லேயே ஆண் பெண் பரிசைச் சமமாக்கிவிட்டது. விதியை மதிக்காத விளையாட்டு என்று மார்தட்டிக்கொண்ட ஸ்கேட்போர்டிங், வெள்ளை உடுப்புக்காரர்களைவிட முப்பது ஆண்டு பின்தங்கி நின்றது.

2005-இல் பர்ன்சைட், ஜென் ஓபிரையன், மிமி நூப் மூவரும் ட்ரூ மியர்ன்ஸ் என்பவரோடு சேர்ந்து 'ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் அலையன்ஸ்' என்ற அமைப்பை நிறுவினார்கள். எக்ஸ் கேம்ஸைப் புறக்கணிப்போம் என்று எச்சரித்தார்கள். தொழிற்சங்கம் பார்த்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஸ்கேட்போர்டு உலகில் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். கூட்டாகப் பேரம் பேசும் பழக்கமே கிடையாது. ஆண் நட்சத்திரங்களுக்குக்கூட அது தோன்றியதில்லை. குறைவாக வாங்கியவர்களுக்குத்தான் அது தோன்றியது. இன்னொரு விஷயமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது: பெண்கள் பிரிவில் இறங்கும் தரத்தில் இருந்தவர்கள் சிலரே. அதுவரை 'ஆளில்லை' என்று ஒதுக்கப் பயன்பட்ட அந்தச் சின்ன எண்ணிக்கையே இப்போது பலமாயிற்று. பத்துப் பேர் வரமாட்டோம் என்றால் நிகழ்ச்சியே கிடையாது.

தொலைக்காட்சிக்காரர்கள் பேச உட்கார்ந்தார்கள். தொகை ஏறியது. அந்தப் பத்தாண்டு முடியும்போது எக்ஸ் கேம்ஸில் ஆண் பெண் பரிசு சமமாகியிருந்தது. 1965 முதல் இந்த விளையாட்டில் பெண்களுக்கு வந்த வாய்ப்புகளில் பெரும்பாலானவை யாரோ ஒரு நிறுவனத்தின் தயவு; நிறுவனம் சாய்ந்தால் வாய்ப்பும் சாய்ந்தது. 2005-இல் கிடைத்தது அப்படியல்ல. எனக்கு மெக்கீயின் அட்டைப்படத்தைவிட இந்த மூவரின் எச்சரிக்கை பெரிய நிகழ்ச்சியாகத் தெரிவது அதனால்தான்.

ஒரு போட்டியில் வென்றது எல்லாப் போட்டிக்கும் செல்லாது என்பதும் உண்மை. 2018 ஜனவரியில் பிரேசிலின் இட்டஜாயியில் ஒரு போட்டி முடிந்து, வென்ற ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுயரக் காசோலை அட்டைகளைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார்கள். பெட்ரோ பாரோஸ் கையில் 17,000 ரியால். யின்டியாரா ஆஸ்ப் கையில் 5,000 ரியால். முன்பெல்லாம் இந்த வித்தியாசம் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கும். இங்கே பெரிய எழுத்தில் எழுதிப் புகைப்படக்காரர் முன்னால் நிறுத்திவிட்டார்கள். படம் உலகமெங்கும் பரவி, ஏச்சு வாங்கியது.

அதற்குள் ஒலிம்பிக் கமிட்டி தன் முடிவை எடுத்திருந்தது. 2016 ஆகஸ்டில் ஸ்கேட்போர்டிங்கை டோக்கியோவுக்குச் சேர்த்தபோது ஆண்களுக்கு 40 இடம், பெண்களுக்கும் 40 இடம். பெண்களின் பக்கம் அதுவரை திரும்பிப் பார்க்காத தேசிய சங்கங்கள், பதக்கத்துக்காகவாவது ஊர் ஊராகச் சிறுமிகளைத் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடலின் பலன், பெண்கள் தெருப் பிரிவில் தங்கமும் வெள்ளியும் வாங்கிய இருவருக்கும் வயது 13.

டோக்கியோவுக்குப் போகுமுன் காபூலில் இறங்க வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினால் ஊர் பேசும் நகரம் அது. ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் 2007-இல் பலகைகளோடு அங்கே போனபோது, இதைப் பெண்கள் ஓட்டக்கூடாது என்று சொல்ல யாருக்கும் இன்னும் தோன்றியிருக்கவில்லை.

(அடுத்த வாரம்: காபூல் தெருவில் ஒரு வற்றிய நீரூற்று)